மேடு வைத்தவள்

அடி அண்ணாமலையில் தமிழ்செல்வி தன் நாற்பத்தோராவது வயதில் சைக்கிள் பழகினாள். அந்த வருஷம் தெருவுக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை.

விடிந்தும் விடியாததுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பொட்டலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாள். மகள் கவிநிலா போட்டுப் பழசான சுடிதார், அதற்கு மேல் ஒரு துண்டு. நாலு மிதி மிதித்ததும் ஒரு பக்கமாகச் சாய்வாள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு மறுபடியும் ஏறுவாள். பார்த்துப் பிரயோஜனமில்லை. இட்லிக்கடை ஆராயி முதல் ஈடு இட்லியை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது வேகிற நேரத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று வேலி ஓரமாக நின்றிருப்பாள். அன்றைக்கு அவள் கடையில் சட்னிக்கு முன்னாடியே செல்வி எத்தனை தரம் விழுந்தாள் என்பது பரிமாறப்பட்டுவிடும்.

காரணம் ஊருக்கே தெரியும். செல்வியின் புருஷன் அப்பாதுரை கிரிவலப் பாதையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். பதினாலு சைக்கிள். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றுவார்கள். சில பேருக்கு அப்பாதுரையே முன்னால் ஓட்டி வழிகாட்டுவான். ஒருநாள் ஒரு பஸ் அவன் தோளை உரசிக்கொண்டு போனது. அடி ஒன்றும் பெரிசில்லை. ஆனால் அதோடு ரோடே வேண்டாம் என்று விட்டுவிட்டான். குட்டி யானை வண்டியில் சைக்கிள்களை ஏற்றி, தண்டராம்பட்டு வழியாகச் சாத்தனூர் அணைக்குக் கீழே கொண்டுபோய் இறக்கி, அங்கிருந்து தென்பெண்ணை ஆற்றங்கரையோடு பதினெட்டு கிலோமீட்டர் கூட்டிப்போனான். லாரி கிடையாது, ஹாரன் கிடையாது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் நிலக்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை. பாதி வழியில் செல்வியின் அண்ணன் இருசப்பன் வீட்டில் கேவுரு கூழ், சுட்ட கருவாடு, பச்சை வெங்காயம். பெங்களூரில் கம்பெனி வேலையில் இருக்கிற கவிநிலா இதையெல்லாம் போட்டோ பிடித்து நெட்டில் போட்டுவிட்டாள். சனிக்கிழமைதோறும் ஆள் வர ஆரம்பித்தது. ரோட்டுக்குப் பயந்தவன் என்று சிரித்த தெரு, 'ஐடியா பாரேன் இவனுக்கு' என்று அப்படியே திருப்பிப் பேசியது. தெருவுக்கு நாக்கு இரண்டு பக்கமும் புரளும்.

வந்தவர்களில் ஹெல்கா என்று ஒரு ஜெர்மன்காரி. ஊருக்குப் போகிற அன்று கடை வாசலிலேயே அப்பாதுரையைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் செல்வி பொட்டலில் சைக்கிளோடு நின்றாள். இதற்கு மேல் தெருவுக்கு என்ன விளக்கம் வேண்டும். இருந்தாலும் ஆராயி கேட்டே விட்டாள்.

"இன்னா செல்வி, பேரன் பேத்தி எடுக்கற வயசுல?"

"ஆம்பளைய நம்ப முடியுதாக்கா. கூடவே போனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

பத்து நாளைக்குத் தெரு இதை வைத்தே பசியாறியது. அப்பாதுரை காதுக்கும் போனது. வெளியே முறைத்துக்கொண்டான். ஆனால் அன்றிலிருந்து சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தான் என்பதையும் ஆராயிதான் கண்டுபிடித்தாள். ஐம்பது வயதுக்காரனைப் பெண்டாட்டி சந்தேகப்படுகிறாள் என்றால் எந்த ஆம்பளைக்குத்தான் கொஞ்சம் நெஞ்சு நிமிராது.

எல்லாவற்றையும் கவனிக்கிற தெரு, ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. ஜெர்மன்காரி ஊருக்குப் போவதற்கு நாலு நாள் முன்னால் செல்வி அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு சீட்டு இருந்தது. கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. போட்டிருந்த தேதி, டயர் வாங்க வேலூருக்குப் போகிறேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போன தேதி. செல்வி அந்தச் சீட்டோடு பஸ் பிடித்து வேங்கிக்கால் போய், தன்னைத் தெரியாத ஒரு மருந்துக் கடையாகப் பார்த்து நீட்டினாள். கடையில் இருந்த பெண் இரண்டு தரம் படித்தாள்.

"கண்ணுக்குள்ள அழுத்தம்கா. நரம்பு கெட்டுக்கினே வரும். மொதல்ல ஓரப் பார்வை போவும், அப்பறம் நடுவுல. மருந்து விட்டா மெதுவாப் போவும். போனது திரும்பாது. இவரு ரொம்ப லேட்டா வந்திருக்காரு."

செல்வி திரும்பி வந்து, சட்டையைத் துவைக்காமல், சீட்டை மடித்த மடிப்பிலேயே பையில் வைத்து, ஆணியில் மாட்டினாள். அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. பஞ்சர் ஒட்டுகிற சொலுஷன் டப்பாவுக்குள் ஒரு சின்ன மருந்து பாட்டில் வந்து சேர்ந்தது. கடைக்குள் திரும்பி நின்று கண்ணில் விட்டுக்கொண்டு, தூசி விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டு வருவான். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எல்லாம் செல்விக்குச் சேர்ந்து தெரிந்தது. பக்கவாட்டில் நீட்டிய சொம்பை அவன் ஏன் வாங்காமல் நின்றான், வாசலில் இருந்த வாளியை ஏன் தினமும் உதைத்தான், பஸ் ஏன் உரசியது. ஓரத்திலிருந்து வருவது எதுவும் அவனுக்கு இல்லை. ஆற்றங்கரையில் ஓரத்திலிருந்து எதுவும் வராது. இதுதான் தெரு மெச்சிய ஐடியா.

ஏன் மறைத்தான் என்றும் அவளுக்குத் தெரியும். இதே தெருவில் காசி என்று ஒரு டெய்லர். லாரி மோதி ஒரு கால் போய் இருபது வருஷம். கல்யாணச் சட்டை தைத்தாலும், மகனை இஞ்சினியர் ஆக்கினாலும், அவன் நொண்டிக் காசிதான். தெரு அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அடையாளத்துக்குச் சொல்கிறது. அப்பாதுரைக்கும் ஓர் அடையாளம் தயாராக இருந்தது. அது எத்தனை தள்ளிப்போகுமோ அத்தனை நல்லது என்று அவன் நினைத்தான். செல்வியும் அப்படியே நினைத்தாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே விஷயத்தை ஒருத்தருக்கொருத்தர் மறைத்துக்கொண்டு மூன்று வருஷம் குடித்தனம் பண்ணினார்கள்.

ஆற்றங்கரையில் செல்வி செய்த வேலை ஒன்றுதான். அவனுக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு வாயை மூடாமல் கத்துவது.

"யாருதுப்பா அந்தப் பசு, பாதை நடுவுல நின்னுக்கினு? இடது பக்கம் ஓட்டு."

"ஏ கெழவா, கட்டையை எதுக்கு வழியில போட்ட? ஆத்துப் பக்கம் இழுத்துப் போடு."

பல நேரம் அங்கே பசுவுக்குச் சொந்தக்காரனும் இருக்க மாட்டான், கிழவனும் இருக்க மாட்டான். வருகிற விருந்தாளிகள், இந்த அம்மாவுக்கு ஆற்றங்கரையில் எல்லாரோடும் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்பாதுரை திரும்பாமலே சிரிப்பான். "அவ வாய்க்குப் பயந்து மாடே ஒதுங்குது சார்" என்பான். சொல்லிக்கொண்டே பசு நிற்கிற இடத்தை விட்டு ஒதுங்கி ஓட்டுவான். மற்றபடி அந்தப் பதினெட்டு கிலோமீட்டரும் அவன் உடம்பில் இருந்தது. எங்கே இறக்கம், எங்கே மணல், எங்கே மருத மரத்தின் வேர் பாதைக்குக் குறுக்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அவன் தொடைக்கும் இடுப்புக்கும் தெரியும். மூன்றாவது வருஷம் முடிகிறபோது அவனுக்கு மிச்சமிருந்த பார்வை ஒரு தேங்காய்க் கண் அளவு. அதிலும் மூட்டம். ஆனாலும் சனிக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு அவன் முதல் ஆளாக முன்னால் போகிறபோது, பின்னால் வருகிறவர்கள் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. மலையைச் சுற்றி மூன்று நாள் வானம் கிழிந்த மாதிரி ஊற்றியது. அணை நிரம்பித் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை இரண்டு கரையும் கொள்ளாமல் கொல்லைகள் மேல் ஏறிப் போனது. இருசப்பன் வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூடத்து மாடியில் இரண்டு நாள் இருந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு செல்வி போன் போட்டு, ஆள் மாடெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டு முடித்துவிட்டு, பாதை எப்படி என்று கேட்டாள். எந்தப் பாதை என்று கேட்டான் இருசப்பன்.

அப்பாதுரை தினமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தான். தீபத்துக்கு ஊரே தலையாய் நிரம்பி, கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த அன்றும் அதுதான் பேச்சு. மணல் ஏறியிருக்கிறதாம், வாரிப் போட்டால் சரியாகிவிடுமாம் என்று செல்வி சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மார்கழி பாதியில் கவிநிலா போன் பண்ணினாள்: பொங்கல் கழித்து எட்டுப் பேர் வருகிறார்கள், சரியென்று சொல்லட்டுமா. அப்பாதுரை சரியென்றான். முகம் அப்படி மலர்ந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல செல்விக்கு வாய் வரவில்லை. மறுநாள், அண்ணன் கொல்லையில் மண்ணள்ள ஆள் கம்மியாக இருக்கிறது, ஒரு வாரம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாள்.

போய்ப் பார்த்தபோது ஆறு தன் இஷ்டத்துக்கு ஒரு வேலை பண்ணி வைத்திருந்தது. அணைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டரில் கரை மூன்று இடத்தில் அறுந்து கிடந்தது. அதற்கு மேல் போய்ப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அங்கெல்லாம் மணல்தான், நான் ஆள் வைத்து வாரிவிடுகிறேன் என்று இருசப்பன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அறுந்த இடத்தில் வேலையை ஆரம்பித்தார்கள். விடியலில் பனி இறங்கும். கையுறை எல்லாம் கிடையாது, ஈர மண்ணில் விரல் மரத்துப் போகும். சிமெண்ட் சாக்கில் மணல் ரொப்பி அடுக்கி, கல் போட்டு, மேலே செம்மண் கொட்டி, திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கினார்கள். ஒன்பது மணிக்கு அண்ணி கூழ் கொண்டுவருவாள். நின்றுகொண்டே குடித்துவிட்டு மறுபடி. ஐந்தாம் நாள் சாயங்காலம், நேராக்கி முடித்த இடத்தில் செல்வி குறுக்கே ஒரு பனந்துண்டைப் புதைத்து, அதன் முதுகு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மண் போட்டுக்கொண்டிருந்தாள்.

இருசப்பன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தான்.

"ஏம்மா, உனக்கு இன்னா பித்துப் புடிச்சிருக்கா? ஊருல மேடு இருந்தா வெட்டி நேராக்குவாங்க. நீ நேரா இருக்கற எடத்துல மேடு வெக்கற."

"இங்க ஒரு வேரு இருந்துச்சிண்ணா."

"இருந்துச்சி. ஆத்தோட போச்சி. நல்லதாப் போச்சினு உடு."

"அது அவருக்கு வேணும்."

"யாருக்கு?"

"உன் மச்சானுக்கு. இந்த எடத்துல வண்டி தூக்கிப் போட்டாத்தான், அடுத்தது எறக்கம்னு அவருக்குத் தெரியும்."

இருசப்பன் சிரிக்க வாயைத் திறந்தான். செல்வி தலையைத் தூக்கவில்லை. மண்ணைக் கையால் தட்டித் தட்டிச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். அவன் மெதுவாகக் கரையில் உட்கார்ந்தான்.

"கண்ணா?" என்று கேட்டான்.

"ம்."

"மச்சான் உங்கிட்ட சொன்னாரா?"

"இல்ல. நானும் கேக்கல."

அவன் எழுந்து வந்து, பனந்துண்டு எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்டான். அவள் நாலு விரலைக் காட்டினாள்.

தை மாசத்து இரண்டாம் சனிக்கிழமை, நல்ல வெயில் அடித்தது. எட்டுப் பேரும் சின்ன வயசுக்காரர்கள், தலையில் ஹெல்மெட், முகத்தில் வெள்ளையாய்க் கிரீம். அப்பாதுரை இஸ்திரிச் சட்டையோடு முன்னால் ஏறினான். செல்வி அவனுக்குப் பின்னால். அறுந்த முதல் இடத்தைத் தாண்டினான். இரண்டாவதையும் தாண்டினான். அவள் அங்கே இல்லாத ஒரு ஆட்டுக்காரனைத் திட்டினாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும், ஆறு நாள் மண் சுமந்த தோள்வலி இறங்கிவிட்டது அவளுக்கு. மூன்றாவது இடம் வந்தது. முன் சக்கரம் மேட்டில் ஏறுவதற்கு முன்பே வழக்கம்போல் அவன் சீட்டிலிருந்து இடுப்பைத் தூக்கினான். வண்டி தூக்கிப் போட்டு இறங்கியது.

பிரேக் பிடித்தான்.

பின்னால் எட்டு வண்டியும் கிறீச் கிறீச் என்று நின்றன. அப்பாதுரை ஒரு காலை ஊன்றிக்கொண்டு முகத்தை மேலே தூக்கி வைத்திருந்தான். வெயில் நெற்றியில் நேராக விழுந்தது.

"செல்வி, மருத மரம் எங்க?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தரையை மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். மேலே நிமிரவே இல்லை. அந்த இடத்தில் நாலு பெரிய மருத மரம் கூடி நின்று, சித்திரை வெயிலிலும் ஜில்லென்று இருக்கும். அதை அவன் மூன்று வருஷமாக முகத்தில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

"இங்கதாங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"நெழலு இல்ல. எலைச் சத்தம் இல்ல. வேரு மட்டும் இருக்குது." வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டுக் குந்தினான். கையால் தடவினான். பனந்துண்டின் நார் விரலில் நெருடியிருக்க வேண்டும். "இது பனை. யாரு வெச்சது?"

"நான்தாங்க."

ஒரு பையன் தள்ளி நின்று ஏதாவது பிரச்சினையா என்று இங்கிலீஷில் கேட்டான். செல்வி தண்ணீர் குடிக்கிற மாதிரி கையைக் காட்டி, கொஞ்சம் இருங்கள் என்று சைகை பண்ணினாள். அவர்கள் ஆற்றுப் பக்கம் போய்ப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

"எப்பலர்ந்து தெரியும் உனக்கு?"

"வேலூருக்கு டயரு வாங்கப் போனீங்கல்ல. அப்பலர்ந்து."

அவன் மனசுக்குள் மாசங்களை ஓட்டிப் பார்த்திருப்பான். பனந்துண்டின் மேல் கையை வைத்தபடியே இருந்தான்.

"அப்ப அந்த மாடு, ஆடு, கட்டைனு நீ கத்தனதெல்லாம்?"

"ஆமாங்க."

"ஹெல்கா விஷயம்?"

"அது சும்மா. ஊரு வாய்க்கு."

"நானே ஓட்டறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் செல்வி." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "கண்ணு போனாப் போவுது, பாதை நம்ம உடம்புல இருக்குது, அது போதும்னு இருந்தேன். அதையும் நீதான் புடிச்சிக்கினு வந்திருக்க."

"நீங்க வுழுந்துடக் கூடாதுன்னுதான்."

"வுழுந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். எவ்ளோ இருக்குது, எவ்ளோ போச்சினு. எனக்கு இன்னா போச்சின்றதே உனக்குத்தான் தெரியுது. எனக்குத் தெரியல."

செல்வி பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"இனிமே ஒண்ணு பண்ணு. இல்லாதத இருக்குனு எங்கிட்ட சொல்லாத."

"சரிங்க."

எல்லாரும் அங்கிருந்தே திரும்பினார்கள். அவன் ஏறவில்லை. ஹேண்டில்பாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் குருடன் நடக்கிற மாதிரி நடந்தான். கையை நீட்டாமல் இருக்க அவன் எவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்பது செல்விக்கு அப்போது தெரிந்தது.

மறுநாள் காலையில் அப்பாதுரை சுவரைத் தடவிக்கொண்டே ஆராயி கடைக்குப் போனான். கடையில் ஆறேழு பேர். பெஞ்சு எங்கே என்று காலால் தேடி உட்கார்ந்தான். எனக்குக் கண் தெரியாது, தட்டைக் கையில் கொடு என்றான். யாரோ சிரித்தார்கள். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஆராயி கொடுத்தாள். மூன்று வருஷம் அவள் பரிமாறிய கதையெல்லாம் அவளுக்கே திரும்பி வந்த மாதிரி இருந்திருக்கும். அன்றைக்கு அந்தக் கடையில் எந்தச் சேதியும் கிடைக்கவில்லை என்று வந்தவர்களே பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் ஒரு பாத்திரத்தில் பணியாரத்தோடு ஆராயி வந்து செல்வியின் அடுப்படியில் உட்கார்ந்தாள். எனக்குக்கூடச் சொல்லலையே என்றாள். உன்கிட்ட சொல்லாததால்தான் மூன்று வருஷம் ஓட்டினார் என்று செல்வி சொல்லவில்லை. பணியாரத்தை வாங்கி வைத்தாள்.

தெரு நல்ல மனசு காட்ட ஆரம்பித்தது. கடைக்குப் போகிற வழியில் ஆளாளுக்குக் கையைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் எல்லாரும் சத்தமாகப் பேசினார்கள், கண் போனால் காதும் போய்விடும் என்பதுபோல். நாலு நாள் பொறுத்துக்கொண்டான். ஐந்தாம் நாளிலிருந்து கடைக்குப் போகவில்லை. வீட்டுக்குள் ஜன்னல் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கேட்டால் பதில் சொன்னான். சாப்பாடு போட்டால் சாப்பிட்டான். இத்தனை வருஷமாக நடித்து நடித்து அவனைத் தூக்கி நிறுத்தியிருந்த ஏதோ ஒன்றை அவளே அந்த ஆற்றங்கரையில் உருவி எடுத்துவிட்ட மாதிரி செல்விக்கு இருந்தது. முன்பு அவன் வாளியை உதைத்துவிட்டு யார் இங்கே வைத்தது என்று கத்துவான். இப்போது உதைத்துவிட்டு அப்படியே நின்றான்.

மாசிப் பிறப்புக்கு இன்னொரு கூட்டம். ஆறு பேர், பணம் கட்டிவிட்டார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கவிநிலா போனில் அழுதுகொண்டே சொன்னாள். செல்வியும் அதைத்தான் சொன்னாள். ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஆளுங்கள வரச் சொல்லிட்டு இல்லன்னு சொல்லக் கூடாது. நீ கூட்டிக்கினு போ."

"நானா?"

"மூணு வருசம் வந்தவதான."

போனாள். முதல் முறையாக அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. ஹேண்டில்பாருக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்தது. அவள் அடைத்த மூன்று இடத்தையும் தாண்டினாள். பனந்துண்டு அங்கேயே இருந்தது. அவள் இறங்கி, தள்ளிக்கொண்டு போய், ஏறினாள். அதற்கப்புறம் பாதை ஆற்றை விட்டு விலகிக் கொல்லைகளுக்குள் போனது. ஆறு மறைந்தது. வெள்ளம் போட்ட மணல்மேட்டில் கருவேலம் செத்தைகள் சிக்கிக் கிடந்தன. ஒரு இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் மணல். இரண்டிலும் டிராக்டர் தடம். இரண்டும் ஒரே மாதிரி.

செல்வி நின்றாள். பின்னால் ஆறு பேரும் நின்றார்கள். அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாம். விரல் போனது அப்பாதுரையின் நம்பருக்கு.

"இன்னா?"

"ரெண்டு வழியாப் பிரியுதுங்க. எதுல போறதுனு தெரியல."

"மூணு பனை வரிசையா நிக்கும் பாரு. அதுக்கு இந்தாண்டை வழி."

அவள் நன்றாகப் பார்த்தாள். "இல்லைங்க."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல."

"மோட்டார் கொட்டா? நீலக் கதவு போட்டது."

"இல்ல."

"முனீஸ்வரன் கல்லு இருக்கும். மஞ்சத்துணி சுத்தி."

ஒன்றுக்காவது இருக்கிறது என்று சொல்லிவிட மாட்டோமா என்று அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மணலைக் காலால் கூடத் தள்ளிப் பார்த்தாள்.

"அதுவும் இல்லைங்க."

"காத்து அடிக்குதா?" என்றான்.

"அடிக்குது."

"எந்தப் பக்கம் ஈரமாப் படுது?"

செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கன்னத்தில் மட்டும் லேசாகக் குளிர்ந்தது.

"சோத்தாங்கைப் பக்கம்."

"அப்ப ஆறு அங்க இருக்குது. அந்தப் பக்கம் போற வழியில போ."

"சரிங்க."

"செல்வி."

"சொல்லுங்க."

"போறப்ப ரெண்டு பக்கமும் பாத்துக்கினே போ. இன்னின்னது இல்லைனு வந்து எனக்குச் சொல்லு. நான் இங்க ஒக்காந்துக்கினு தெனம் அந்த வழியாத்தான் போய்ட்டு வரேன். போனதெல்லாம் எனக்கு இன்னும் அங்கயே நிக்குது. ஒண்ணொண்ணா எடுத்துடணும்."

சரி என்று அவள் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

வலது பக்க வழியில் வண்டியை விட்டாள். அவன் சொன்னபடி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனாள். மணல். சாய்ந்த நாணல். வேரோடு புரண்ட ஏதோ ஒரு மரம், அது இங்கேயே நின்றதா, எங்கிருந்தோ வந்ததா தெரியாது. ஒரு வெட்டவெளி. அங்கே என்ன இருந்தது? தோப்பா, கிணறா, யாராவது இருந்த வீடா? எவ்வளவு கசக்கியும் மனசில் ஒன்றும் எழவில்லை. நூறு தடவைக்கு மேல் இந்த வழியாக வந்திருக்கிறாள். அத்தனை தடவையும் அவள் கண் இருந்தது ஒரே இடத்தில்தான்: அவனுடைய பின் சக்கரம், அதற்கு முன்னால் இரண்டு முழத் தரை.

பின்னால் வந்த பெண்களில் ஒருத்தி தமிழ்க்காரி. வேகமாக மிதித்துப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, வெள்ளத்துக்கு முன்னாடி இங்கெல்லாம் எப்படி இருந்துச்சு?"

செல்வி அந்த வெட்டவெளியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் பாக்கலம்மா" என்றாள்.